தியாகராசா வெட்டிய நான்கு பற்கள்

வெள்ளவத்தையில் கால்வாய்க் கரையோரமாகப் பத்தொன்பது தோட்டத் துண்டுகள் இருக்கின்றன. பத்தொன்பதுக்கும் சேர்த்து மண் கிளறும் மெஷின் ஒன்றே ஒன்றுதான். அந்த மெஷின் தியாகராசா வீட்டுப் போர்ட்டிக்கோவில், தூணோடு சங்கிலி போட்டுக் கட்டியிருக்கும். பூட்டின் சாவியை அவர் இடுப்பில் செருகி வைத்திருப்பார். குளிக்கப் போனாலும் அதைக் கழற்றி வைப்பதில்லை என்று அவருடைய மனைவி றஞ்சிதம் சொல்லுவாள். அவள் மிகைப்படுத்திச் சொல்லுகிறவள் அல்ல.

தியாகராசாவுக்கு அறுபத்திரண்டு வயது. கொட்டாஞ்சேனையில் ஒரு வேர்க்‌ஷொப்பில் முப்பத்துநான்கு வருடம் லேத் மெஷினோடு நின்றவர். கப்பல் பம்புக்குத் தண்டு கடைந்து தரச் சொன்னால் நூல் பிசகாமல் கடைந்து கொடுப்பார். வேலையில் யாரும் குறை சொன்னதில்லை. குறை குணத்தில் இருந்தது. பக்கத்து லேத்தில் நின்ற மனிதனை முதலாளி ஒருநாள் முதுகில் தட்டிக்கொடுத்தார் என்பதற்காக, அந்த மனிதனோடு எட்டு மாதம் கதைக்காமல் இருந்தவர் இவர். பிறகு அந்த மனிதன் லண்டனுக்குப் போய்விட்டான். அதற்கும் இவருக்கு வயிறெரிந்தது.

முழங்கால் தேய்ந்து வேலையை விட்டபின் அவரை யாரும் எதற்கும் கேட்கவில்லை. காலையில் பேப்பர், மத்தியானம் சோறு, பின்னேரம் கடற்கரை. இப்படி இரண்டு வருடம் போனது. அப்போதுதான் நாட்டில் காசும் காஸும் பெட்ரோலும் ஒன்றாக இல்லாமல் போன அந்தப் பொல்லாத வருடம் வந்தது. மரக்கறி விலையைக் கேட்டுவிட்டுச் சந்தையிலிருந்து வெறுங்கையோடு திரும்பி வந்தவர்கள் சேர்ந்து, கால்வாய்க் கரையில் சும்மா கிடந்த காணியைச் சொந்தக்காரரிடம் கேட்டு வாங்கிப் பங்கு பிரித்தார்கள். முன்னுக்கு நின்றவர் டெரிக். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு மாஸ்டராக இருந்தவர், இப்போதும் கழுத்தில் விசில் தொங்கும். அவர்தான் எல்லோரிடமும் காசு சேர்த்து, பஞ்சிகாவத்தையில் பாவித்த பழைய மெஷின் ஒன்றை வாங்கிவந்தார்.

மெஷின் நல்ல மெஷின்தான். ஆனால் அதன் பற்கள் வெளிநாட்டில் யாரோ பூப்பாத்தி கிளறுவதற்காகச் செய்தவை. கால்வாய்க் கரை மண்ணோ, மண் என்று பெயர் மட்டும் உள்ள மண். உடைத்த வீட்டுக் கல், ஓட்டுத் துண்டு, குளியலறை டைல், அடுக்கடுக்காகப் பொலித்தீன் சிலிசிலிப் பை. முதல் மாதத்திலேயே பற்கள் வளைந்துவிட்டன. அவற்றை நிமிர்த்திக் கொடுத்தவர் தியாகராசா. அதோடு விடவில்லை. பழைய சைக்கிள் ரிம்மில் இரும்புக் கட்டைகளை ஒட்டி, புதையாத சக்கரம் செய்தார். மெஷின் துள்ளி ஓடாமல் பின்னால் ஊன்றிப் பிடிக்க, தண்ணிக் குழாயை வளைத்து ஒரு கால் செய்தார். சனிக்கிழமை காலையில் அவர் வீட்டுக் கேட்டடியில் ஆட்கள் நின்றார்கள். “ஐயா, எங்கட துண்டுக்கு எப்ப?” என்று கேட்டார்கள். தியாகராசா திரும்பவும் ஒரு ஆளானார். பேப்பர் படிப்பதைக்கூட விட்டுவிட்டார்.

இந்த நேரம் பார்த்து ராசிக் வந்தார்.

பதினேழாம் துண்டுக்காரர்கள் கனடாவுக்குப் போக, அந்தத் துண்டு ராசிக்குக்குக் கிடைத்தது. அடுத்த ஒழுங்கையில் இரும்புக் கேட்டும் கிரிலும் வெல்டிங் பண்ணுகிற சின்ன வேர்க்‌ஷொப் வைத்திருப்பவர். நாற்பது வயது இருக்கும், எப்போதும் சிரித்த முகம். அந்தச் சிரிப்பே தியாகராசாவுக்கு முதல் நாளிலிருந்து பிடிக்கவில்லை. வந்த மூன்றாவது சனிக்கிழமை ராசிக் ஒரு அரிசிச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். உள்ளே நான்கு பற்கள். லொறி ஸ்ப்ரிங் தகட்டை வெட்டி, சூடுகாட்டி வளைத்து, ஒரு ஓரத்தைக் கத்தியாகத் தீட்டியிருந்தார். பக்கத்துக்கு இரண்டாக மெஷினில் பூட்டி, கயிற்றை இழுத்து ஸ்டார்ட் பண்ணினார்.

மெஷின் முக்கால் அடி ஆழத்துக்கு இறங்கியது. கல்லைப் பக்கவாட்டில் தள்ளியது. சிலிசிலிப் பையைச் சுற்றிக்கொள்ளாமல் அறுத்துவிட்டது. முன்பெல்லாம் ஒரு காலை முழுக்க எடுத்த டெரிக்கின் துண்டு இருபது நிமிடத்தில் முடிந்தது. டெரிக் சந்தோசத்தில் விசிலே ஊதிவிட்டார். அதைக்கூடத் தியாகராசா தாங்கியிருப்பார். ஆனால் றஞ்சிதம் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி, விரலால் உதிர்த்துப் பார்த்தாள்.

“இஞ்சேருங்கோ, பிட்டுக்குக் குழைச்ச மா மாதிரியெல்லோ வந்திருக்கு!” என்றாள்.

தியாகராசா சக்கரம் செய்த அன்று அவள் சொன்னது, “போர்ட்டிக்கோவை எப்ப கூட்டிக் கழுவப் போறியள்?” என்பதுதான். முப்பத்தொரு வருடக் குடும்ப வாழ்க்கையில் அவர் செய்த எந்தச் சாமானையும் அவள் சாப்பாட்டோடு சேர்த்துப் பேசியதில்லை. அன்று முழுக்க அவள் கேட்டதற்கெல்லாம் “ம்” என்றே பதில் சொன்னார்.

அதற்குப் பிறகு அவருக்கு நிம்மதி போனது. ராசிக்கைப் பற்றிக் குறை தேடினார். கேட் அடிக்கிற ஆளுக்கு அளவு தெரியுமா என்றார். ஒட்டின இடத்தில் பார், அப்பம் சுட்டது மாதிரி மேடும் பள்ளமும் என்றார். தோட்டத்துக்குள் வருகிறவர்கள் முதலில் யாருக்குத் தலையாட்டுகிறார்கள் என்று எண்ணினார். ஒரு சனிக்கிழமை ராசிக்குக்கு ஏழு, இவருக்கு நாலு. அந்த நாலில் ஒருவர் சாவி கேட்க வந்தவர். மிகவும் எரிச்சலூட்டிய விசயம், ராசிக்குக்கு இப்படியொரு போட்டி நடப்பதே தெரியாது. கண்ட இடத்தில் “அண்ணே, சுகமா?” என்று அதே சிரிப்போடு வந்து நின்றார். எதிரி என்றால் கொஞ்சமாவது எதிரி மாதிரி நடக்கவேண்டாமா?

தோட்டக்காரர் கூட்டத்தில் டெரிக் வாயைத் திறந்தார். “மெஷின் ராசிக்கிட வேர்க்‌ஷொப்பில இருந்தா லேசுதானே, தியாகு? பல்லும் அங்கதான், வெல்டிங்கும் அங்கதான். உமக்கும் முழங்கால் ஏலாது.”

தியாகராசாவின் கை தானாக இடுப்புக்குப் போனது. சாவி போனால் சனிக்கிழமை போகும். சனிக்கிழமை போனால் மிச்சம் பேப்பரும் கடற்கரையும்தான்.

“அவசரப்படாதேங்கோ,” என்றார். “நானும் ஒரு பல்லுச் செற் செய்துகொண்டுதான் இருக்கிறன். இதைவிடத் திறமா இருக்கும். ரெண்டு கிழமை தாங்கோ.”

பச்சைப் பொய். செய்துகொண்டும் இருக்கவில்லை, எப்படிச் செய்வதென்றும் தெரியாது. முதல் கிழமை தடித்த தகட்டில் வட்டமாக ஒன்றைச் செய்து பார்த்தார். பார்க்க அழகாக இருந்தது. மண்ணில் வைத்ததும் கல்லுக்குள் சிக்கி அசையாமல் நின்றது. இரண்டாம் கிழமை வெள்ளிக்கிழமை வந்தபோது அவரிடம் ஒன்றும் இல்லை.

அன்று பன்னிரண்டு மணிக்கு ராசிக் வெள்ளை ஜுப்பாவோடு கேட்டடியில் வந்து நின்றார். கையில் அந்த அரிசிச் சாக்கு.

“அண்ணே, இது இங்க ஈக்கட்டும். ஜும்மாக்கு போய்ட்டு ரெண்டு மணிக்கு வந்து பூட்டுறன். பள்ளிக்கு இத தூக்கிட்டு போக ஏலாதானே.”

“வையும் தம்பி, வையும்,” என்றார் தியாகராசா. அப்படிக் கனிவாக அவர் அதற்கு முன் கதைத்ததில்லை.

ராசிக் ஒழுங்கை முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சாக்கை அவிழ்த்தார். நான்கு பற்களையும் கம்பியால் சேர்த்துக் கட்டியிருந்தது. மேலே இருந்த ஒன்றை மட்டும் உருவி எடுத்து, பால்மா வந்த கார்ட்போர்ட் பெட்டியைக் கிழித்து அதன்மேல் வைத்து, பென்சிலால் சுற்றிக் கோடு இழுத்தார். வளைவை அளந்தார். தடிப்பை அளந்தார். அந்த மனிதன் தொழுதுகொண்டிருக்கிற நேரத்தில் அவனுடைய சாமானைக் களவாக அளக்கிறோம் என்ற நினைவு வரத்தான் செய்தது. பென்சில் நிற்கவில்லை.

பல்லின் நடுவில், வளைவுக்குச் சற்று மேலே, அரை அங்குல ஓட்டை ஒன்று இருந்தது. அதில் எந்த நட்டும் பூட்டுவதில்லை. தியாகராசா அதையும் வரைந்தார். அடுத்த பல்லை உருவப் போகையில் பின்னால் றஞ்சிதத்தின் குரல் கேட்டது.

“என்னப்பா உந்தச் சாக்குக்குள்ள தேடுறியள்?”

“பல்லு தேய்ஞ்சு போச்சோ எண்டு பாக்கிறன்.”

“நீங்களோ? அவரின்ர பல்லையோ?” என்று கேட்டுவிட்டு அவள் உள்ளே போனாள். தியாகராசா அவசர அவசரமாகக் கட்டி வைத்துவிட்டார். ஒரு பல் போதும், மற்ற மூன்றும் அதே மாதிரித்தானே என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டார்.

தவணையை ஒரு கிழமை தள்ளிவைக்கச் சொல்லி டெரிக்கிடம் கேட்டார். கொட்டாஞ்சேனைக்குப் போய், பழைய வேர்க்‌ஷொப்பில் கெஞ்சி, நல்ல உருக்குத் தகட்டில் நான்கையும் வெட்டி வளைத்துக்கொண்டு வந்தார். அந்த ஓட்டைதான் அவருடைய மண்டையைக் குடைந்தது. மூன்று நாள் யோசித்தார். ஒன்றும் பூட்டாத இடத்தில் ஒருவன் எதற்கு ஓட்டை போடுவான்? இதில்தான் வித்தை இருக்கிறது என்று முடிவு செய்தார். ராசிக்கின் சூட்சுமத்தைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோசத்தில், தன் பெஞ்ச் ட்ரில்லில் நான்கு பல்லிலும் நான்கு ஓட்டை போட்டார். விளிம்பைக்கூடத் தேய்த்து மழுப்பினார். ராசிக்கின் ஓட்டையைவிட இவருடைய ஓட்டை எவ்வளவோ வடிவு.

சனிக்கிழமை பத்தொன்பது துண்டுக்காரர்களும் கூடிவிட்டார்கள். தியாகராசா பற்களைப் பூட்டி, கயிற்றை இழுத்து, மெஷினை மண்ணில் இறக்கினார்.

மெஷின் நேராகப் போகவில்லை. வலப்பக்கம் மண்ணைக் கவ்விப் பிடித்தது. இடப்பக்கம் மண்ணுக்கு மேலால் நடந்தது. ஆகவே அது சுற்றியது. தியாகராசா கைபிடியைப் பிடித்தபடி அதோடு சேர்ந்து சுற்றினார். ஒரு சுற்று, இரண்டு சுற்று. டெரிக்கின் மிளகாய்க் கன்று ஆறு போனது. டெரிக் விசிலை ஊதிக்கொண்டு ஒரு காலில் துள்ளினார். மூன்றாவது சுற்றில் யாரோ சிரிக்கத் தொடங்கினார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். ராசிக் ஓடிவந்து எஞ்சினை நிற்பாட்டினார்.

ஓரம் தீட்டி ஒரு பக்கம் வளைத்த பல்லுக்கு இடக்கை, வலக்கை உண்டு. நமது வலக்கால் செருப்பை இடக்காலில் போட்டால் எப்படியோ அப்படித்தான். இதைக் கேட் அடிக்கிற ஆள் அறிவார். காலம் முழுக்க உருண்டையாகக் கடைந்தே பழகிய தியாகராசா, ஒரு பல்லைப் பார்த்து நான்கையும் வலப்பக்கத்துக்கே வெட்டிவிட்டார். இடப்பக்கத்தில் கத்தி பின்னாலும் முதுகு முன்னாலும் நின்றது.

ராசிக் மண்ணில் முழந்தாளிட்டு பற்களைத் தடவிப் பார்த்தார். தியாகராசாவுக்கு முகத்தில் ஈயாடவில்லை. இப்போது சொல்லப்போகிறான், இது என்னுடைய பல்லின் அளவு என்று பத்தொன்பது பேருக்கும் முன்னால் சொல்லப்போகிறான் என்று காத்திருந்தார். ராசிக் நிமிர்ந்து பார்த்தார்.

“அண்ணே, இந்த ஓட்ட என்னத்துக்கு?”

தியாகராசா காலில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்.

“என்ட ஒரு பல்லிலயும் ஈக்கி. அது லொறி ஸ்ப்ரிங்ட பழைய ஓட்ட, நடு போல்ட் போட்ட இடம். தகடு காணாம வேற வழியில்லாம அதயும் வெட்டின. மத்த மூணுலயும் இல்ல. நீங்க மெனக்கெட்டு நாலுலயும் போட்டு ஈக்கீங்க. நீங்க பெரிய வேலக்காரர், சும்மா போட மாட்டீங்க. சொல்லுங்கோ, நானும் விளங்கிக்கொள்றன்.”

தியாகராசா அந்த முகத்தில் நக்கலைத் தேடினார். கிடைக்கவில்லை. ஒரு துளி நக்கல் இருந்திருந்தால் சண்டை பிடித்துத் தப்பியிருப்பார். அவர் எதையும் யோசிக்காமல் சொன்னார்.

“ஈர மண் பல்லோட ஒட்டிப் பிடிக்கும், தம்பி. ஓட்டை இருந்தால் அதுக்குள்ளால காத்துப் போகும். மண் விட்டுக்குடுக்கும்.” அதோடு நிற்காமல், “இடப்பக்கத்து ரெண்டும் இன்னும் வளைச்சு முடியேல்லை. ஓட்டையைச் சோதிச்சுப் பாக்கத்தான் இண்டைக்குப் பூட்டினனான்,” என்றார்.

ராசிக்கின் கண்கள் விரிந்தன. எழுந்து எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார், “பாத்தீங்களா? லேத் வேலக்காரர் எண்டா இதுதான். எனக்கு இது மூளைல ஓடவே இல்லியே!” அந்த இரண்டு பற்களையும் வாங்கிக்கொண்டு போய், தானே சூடுகாட்டி இடப்பக்கத்துக்குத் திருப்பி, புதிதாக ஓரம் தீட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். மெஷின் நேராக ஓடியது. சாவி தியாகராசாவிடமே இருக்கட்டும் என்று கூட்டத்தில் முடிவாயிற்று. அப்படிச் சொல்ல முதலில் கையை உயர்த்தியவரும் ராசிக்தான்.

வென்ற மனிதன் சந்தோசப்பட வேண்டும். தியாகராசாவின் பொறாமை குறையவில்லை, இடம் மாறியது. முன்பு ராசிக்கின் கைவேலையைப் பார்த்து எரிந்தவர், இப்போது அவருடைய மனதைப் பார்த்து எரிந்தார். இன்னொருவன் கெட்டித்தனத்தைக் கண்டால் ஒரு மனிதனால் எப்படி இப்படிக் கண் விரிந்து சந்தோசப்பட முடிகிறது? அறுபத்திரண்டு வயதில் அவருக்கு ஒருதரம்கூட அது வாய்த்ததில்லை.

ஐந்து கிழமை கழித்து, ஒரு ஞாயிறு காலையில் ராசிக் த்ரீவீலில் வந்து இறங்கினார். இந்தமுறை சாக்கு பெரிது. உள்ளே பதினாறு பற்கள், எல்லாம் புதுத் தகட்டில் வெட்டியவை. களனி ஆற்றங்கரையில் ஒரு குடியிருப்புக்காரர்களும் தோட்டம் போடுகிறார்களாம். கேள்விப்பட்டு ராசிக்கிடம் பல் செய்து தரச் சொல்லியிருக்கிறார்கள்.

“ஓட்டய மட்டும் நீங்க போட்டுத் தாங்கோ அண்ணே,” என்றார் ராசிக். “என்ட கை ட்ரில்லில உங்கட மாதிரி வராது. நாளைக்கு சூடுகாட்டி பதம் போடுறதுக்கு முந்தி முடிச்சிரோணும். அவங்களிட்ட சொல்லி ஈக்கன், இது தியாகராசா அண்ணர்ட ஐடியா எண்டு.”

றஞ்சிதம் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, “பாத்தியளோ, களனி வரைக்கும் போயிட்டுது உங்கட பேர்,” என்றாள். அவள் குரலில் பெருமை இருந்தது. இத்தனை வருடமும் அவர் கேட்க ஆசைப்பட்ட பெருமை.

தியாகராசா முதல் பல்லை பெஞ்ச் ட்ரில்லில் இறுக்கினார். பூட்டாத ஓட்டை ஒன்று, வளைவுக்கு மேலே, பாரம் முழுக்க வந்து நிற்கும் இடத்தில். அந்த இடத்தில் ஓட்டை போட்டால் தகடு பாதிப் பலத்தை இழக்கும் என்பது லேத்தில் தூசி தட்ட வந்த முதல் நாளே அவருக்குச் சொல்லிக் கொடுத்தது. பொறாமையில் அதைக்கூட மறந்திருந்தார். இங்கே ஓட்டையோடு ஓடும் பற்களையும் அவர் இனி மாற்றத்தான் வேண்டும். களனியில் ஆற்றங்கல் இருக்கும். கல்லில் பட்டுப் பல் முறியும். முறிந்த துண்டு மெஷினுக்குப் பின்னால் நிற்கிறவனின் காலுக்குத்தான் பறக்கும். அங்கே அவருடைய பெயரும் இருக்கும்.

ட்ரில் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் கையை இறக்கவில்லை. ஸ்விட்சை நிற்பாட்டினார்.

“ஓட்டை ஒண்டும் வேண்டாம், தம்பி.”

“ஏன் அண்ணே?”

“அதில ஒண்டும் இல்லை. பல்லு முறியும். அண்டைக்கு நீர் ஜும்மாவுக்குப் போன நேரம், உம்மட சாக்கை அவிழ்த்து ஒரு பல்லைக் களவாப் பாத்து வெட்டினனான். உம்மட லொறி ஓட்டையையும் சேர்த்து வெட்டினனான். ஏனெண்டு கேட்டீர், வாய்க்கு வந்ததைச் சொன்னனான்.”

றஞ்சிதம் தட்டத்தோடு அப்படியே நின்றாள். ராசிக் ட்ரில்லில் இருந்த பல்லைக் கழற்றிச் சாக்கில் போட்டார். மற்றவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். சிரிப்பு இல்லாமல் அந்த முகத்தைத் தியாகராசா அன்றுதான் கண்டார்.

“கேட்டிருந்தா நானே ஒரு செற் வெட்டித் தந்திருப்பன்,” என்றார் ராசிக். “நான் பள்ளில நிக்கேக்கயா?”

அண்ணே என்ற சொல் அதில் இல்லை.

தியாகராசா இடுப்பிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். “இது உம்மட்டயே இருக்கட்டும். நீர்தான் வச்சிருக்க வேண்டிய ஆள்.”

நீட்டும்போதே அவருக்குத் தெரியும், வேண்டாம் அண்ணே, உங்களிட்டயே இருக்கட்டும் என்று ராசிக் சொல்லுவார். அவர் அப்படித்தான். எத்தனை தரம் விட்டுக்கொடுத்த மனிதன்.

ராசிக் சாவியை வாங்கினார். குனிந்து பூட்டைத் திறந்து, சங்கிலியைத் தூணிலிருந்து உருவிச் சாக்குக்கு மேலே போட்டார். தேத்தண்ணியைத் தொடவில்லை. சாக்கை த்ரீவீலில் ஏற்றி அனுப்பிவிட்டு, மெஷினைக் கேட்டுக்கு வெளியே தள்ளிக்கொண்டு நடந்தார். தியாகராசா செய்த சக்கரம் ஒழுங்கைத் தாரில் கடகடவென்று போய்க்கொண்டிருந்தது.

அடுத்த சனிக்கிழமை தியாகராசா தன் துண்டு கிளறுவதற்கு ராசிக்கின் வேர்க்‌ஷொப்பில் பெயர் பதியப் போனார். அவருக்கு முன்னால் ஆறு பேர் நின்றார்கள்.